எட்டுப் பேரும் ஒரு முழங்காலும்

எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "நீரும் ஒரு காலத்திலை விளையாடினனீர்தானே, இராஜதுரை" என்று பல்லிளிக்கக் கூடாது. என் ஆயுளில் ஒரே ஒரு நாள் விளையாடினேன், அதுவும் என் விருப்பத்தில் இல்லை. மடுத்தீன் அண்ணையைப் பற்றி எழுதினால் அந்த ஒரு நாளையும் எழுத வேண்டிவரும். அதனால்தான் இவ்வளவு காலமும் சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன்.

அவரை முதன்முதலாகப் பார்த்தது எண்பத்து நான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில். பாரிசில், லா சப்பலில் ஒரு பயண முகவர் கந்தோரில் நான் வேலை. எழுபத்தொன்பதிலேயே படிக்க வந்தவன் என்பதால், இராஜதுரைக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு என்று ஊரெல்லாம் கதை பரவியிருந்தது. பயணச்சீட்டு எடுக்க வருபவர்களைவிட விண்ணப்பம் நிரப்ப வருபவர்கள்தான் கூட. அப்படி ஒரு நாள் கட்டையாக, கால் இரண்டும் வில்லுப்போல் வளைந்த ஒரு மனிதர் வந்து எதிரே உட்கார்ந்தார். மன்னார், பேசாலை ஆள். வயது முப்பத்து மூன்று.

"தொழில் என்ன எண்டு போட, அண்ணை?"

"பந்தடி எண்டு போடும்."

"அண்ணை, இது அகதி விண்ணப்பம். பகிடிக்கு இடமில்லை."

"தம்பி, உண்மையைத்தானே கேக்கிறாங்கள்? எனக்கு வேறை ஒண்டும் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பேசாலைக் கடற்கரையில் வெறுங்காலோடு விளையாடி வளர்ந்தவர். பதினேழு வயதில் ஊர் அணியின் இடது முனையில் நின்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றுப்போட்டியில் அவர் அடித்த இரண்டு கோல்களைப் பார்த்துவிட்டு, கொழும்பில் ஓர் அரச திணைக்களம் கூப்பிட்டு உத்தியோகம் கொடுத்தது. மேசை, கதிரை, சம்பளம் எல்லாம் அந்த இடது காலுக்குக் கிடைத்தவை. பதினொரு வருடம் திணைக்கள அணிக்கு விளையாடினார், கடைசி இரண்டு வருடம் பயிற்சியும் கொடுத்தார். எண்பத்து மூன்று ஆடியில் அவருடைய வீட்டை எரித்தார்கள். பதக்கம், படம், சப்பாத்து எல்லாம் சாம்பல். காலும் மனுசியும் மட்டும் மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். மனுசி இம்மாகுலேற் அப்போது பேசாலையில் தாய்வீட்டில் இருந்தார், ஒன்றரை வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்.

பாரிசில் அந்தக் காலுக்குக் கிடைத்த வேலை, ஓர் உணவகத்தின் நிலவறையில் நின்று கோப்பை கழுவுவது. வாய் திறந்து முறைப்பட்டதே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் எவனாவது பந்து உதைத்தால் போதும், கம்பி வேலியைப் பிடித்தபடி நிற்பார். ஒரு நாள் என் கந்தோருக்குள் விறுவிறு என்று வந்தார்.

"தம்பி, ஒரு கழகம் தொடங்குவம். பிரெஞ்சுக்காரன்ரை லீக்கிலை பதிஞ்சு, சட்டப்படி விளையாடுவம். நீர்தான் செயலாளர்."

"இரண்டு தமிழர் சேர்ந்தா மூண்டு சங்கம், அண்ணை. இதிலை நீங்கள் பதினொரு பேரைச் சேர்க்கப் போறியளோ?"

"சேர்த்துக் காட்டுறன்."

சேர்த்தார். எண்பத்தாறு கோடையில் 'கலங்கரை விளையாட்டுக் கழகம்' என்று பதிந்தோம். பதினாறு பேர். எண்ணிக்கை கொஞ்சம் கூடக் கிடக்கட்டும் என்று என் பெயரிலும் ஒரு லிசான்ஸ் அட்டை எடுக்கவைத்தார். படம் ஒட்டிய அந்த அட்டை இல்லாமல் யாரும் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. என்னுடையதோடு பதினேழு அட்டைகளும் ஒரு பிளாஸ்ரிக் பையில் என்னிடம்தான் இருந்தன.

லீக் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் ழான்-லூக் என்ற மெலிந்த மனிதர். நல்லவர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். கலங்கரை என்று சொல்ல மூன்று தரம் முயன்று கைவிட்டுவிட்டு, ஒரு விதியை மட்டும் விரல் நீட்டிச் சொன்னார்.

"ஆட்டத்துக்கு வராமல் விட்டால் அது ஃபோர்ஃபே. ஒரு பருவத்தில் மூன்று ஃபோர்ஃபே ஆனால் உங்கள் கழகத்தின் பெயரை வெட்டிவிடுவோம். எட்டுப் பேருக்குக் குறைவாக வந்தாலும் அதேதான். ஆட்டத்தின் நடுவே எட்டுக்குக் குறைந்தாலும் அதேதான்."

நான் மொழிபெயர்த்தேன். மடுத்தீன் அண்ணை, "எட்டென்ன, எங்களிட்டைப் பதினாறு கிடக்கு" என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோசத்தைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் ஆட்டத்தில் ஒன்பதுக்குப் பூச்சியம். பூச்சியம் எங்களுடையது. ஆட்டம் முடிந்து அவர் புல்லில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற இம்மாகுலேற் அக்கா, பந்தைப் பற்றி எதுவும் தெரியாதவர், ஒரே வசனத்தில் நோயைச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, உங்கடை பெடியள் பந்து குடுக்கவும் ஊர் பாக்கிறாங்கள்."

அதுதான் உண்மை. பாசையூரான் பாசையூரானுக்குத்தான் பந்து கொடுப்பான். பேசாலையான் பேசாலையானைத் தேடுவான். அரியாலைச் சிவமணியோ யாருக்குமே கொடுக்கமாட்டான். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் அவன், மான்போல ஓடுவான், ஆனால் பந்து காலுக்கு வந்தால் அது அவனுக்குச் சீதனமாக எழுதிய காணி மாதிரி.

அந்த நாட்களில் லா சப்பலில் எங்கள் ஆட்களின் அறைகள் ஊர்வாரியாக இருந்தன. பேசாலை அறை, பாசையூர் அறை, அரியாலை அறை. ஓர் அறையில் எட்டு ஒன்பது பேர், ஒரு சட்டி, ஒரு சமையல் முறை. மடுத்தீன் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? பந்தடி பழக்கவில்லை. அறைகளைக் கலைத்தார். மூன்று பாசையூராரோடு மூன்று பேசாலையார், அவர்களோடு இரண்டு அரியாலையார் என்று பிரித்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாறச் சொன்னார். ஐயோ, என்ன ரகளை! பேசாலையான் குழம்புக்குப் புளி கூட விடுகிறான், அரியாலையான் உறைப்பே போடத் தெரியாதவன், பாசையூரான் குறட்டை விடுகிறான் என்று ஒவ்வொரு நாளும் என் கந்தோரில் வழக்கு. எனக்குத் தலை வெடித்தது.

"அண்ணை, இது பந்தடிக் கழகமோ, சமையல் கழகமோ?"

"ஒரு சட்டியிலை சாப்பிட்டவன் பந்தைக் குடுப்பான், தம்பி. இருந்து பாரும்."

ஒரு பெரிய சிக்கல் வெள்ளிக்கிழமை. அரியாலைச் சைவர்கள் வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். கத்தோலிக்கர்கள் வெள்ளியில் இறைச்சி வேண்டாம் என்பார்கள், ஆனால் மீனை விடமாட்டார்கள். அதற்கும் ஒரு சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை எல்லா அறையிலும் பருப்பும் கத்தரிக்காயும். மீனும் இல்லை, முட்டையும் இல்லை. முறுமுறுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

நான் வாய்க்கு வந்தபடி பகிடி பண்ணினேன். ஆனால் நவம்பரில் கண்ணால் கண்டேன். பாசையூர்ப் பேர்ளி, தன் ஊரவன் கை காட்டிக் கத்திக்கொண்டு நிற்க, அவனை விட்டுவிட்டுப் பேசாலையானுக்குப் பந்தை உருட்டினான். கோல்! வெளியே நின்ற பாசையூர்ச் சனம் அவனைத் திட்டித் தீர்த்தது. அவன் திரும்பி, "அவன்தான் இண்டைக்குக் காலமை எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவன்" என்று கத்தினான். அதன்பிறகு வென்றோம். தொடர்ந்து வென்றோம். ஞாயிறு மாலைகளில் கடைக்காரர்கள் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். உள்ளதைச் சொல்வேன், எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

இதற்கிடையில் இரண்டு ஃபோர்ஃபே வாங்கிக்கொண்டோம், அந்த வெட்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது சீட்டாட்டத்தால். ரயிலில் நான்கு பேர் முந்நூற்று நாலு ஆடத் தொடங்கி, துரும்பு எது என்று சண்டை பிடித்து, மற்றவர்கள் சுற்றி நின்று தீர்ப்புச் சொல்லி, இறங்க வேண்டிய இடத்தை எல்லோரும் தவறவிட்டார்கள். இரண்டாவது மார்ச் கடைசி ஞாயிறு. அன்று பிரான்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். எங்கள் மூன்று அறைகளிலும் மணிக்கூடு ஊரில் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர, நடுவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். பாரிசில் எட்டு வருடம் இருந்த எனக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்காக மடுத்தீன் அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆக, இன்னும் ஒன்று தவறினால் கழகம் இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் மே மாதம், செவ்ரானில், கூசேன்வில் அணியோடு. விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற ஆட்கள், பனைமரம்போல வளர்த்தி, பட்டியலில் முதலாம் இடம். அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் கோல் காப்பாளன் நீக்கிலாசுக்கு ஊரிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே கட்டாக் கருவாடு. பாசையூரான் கருவாட்டைக் கண்டால் கிழமை பார்ப்பானா? அடுப்பை மூட்டிப் பொரித்துவிட்டான், அதுவும் அறைக்குப் பொதுவான சட்டியில். அந்த நேரம் சிவமணி வேலையால் வந்து கதவைத் திறந்தான்.

வீடு இரண்டுபட்டது. "எங்கடை விரதம் உனக்குப் பகிடியோடா?" என்று சிவமணி சட்டியைத் தூக்கி எறிந்தான். "ஊரிலையிருந்து அம்மா அனுப்பினது, நாய்க்குப் போட்ட மாதிரி எறியிறியோ?" என்று நீக்கிலாஸ் பாய்ந்தான். தீர்க்கவென்று வந்த மடுத்தீன் அண்ணை அங்கே ஒரு பிழை விட்டார். சிரித்துவிட்டார்.

"என்னடாப்பா, ஒரு கருவாட்டுக்கு இவ்வளவு துள்ளலோ?"

சிவமணி அவரை ஒரு பார்வை பார்த்தான். படுக்கையைச் சுருட்டினான். இரவுக்குள் அவனோடு ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஸ்டாலின்கிராட் பக்கம் ஓர் அறை எடுத்து, புதுக் கழகம் தொடங்குவதாக அறிவிப்பு. அந்தக் கழகத்துக்கு வைத்த பெயர் 'ஐக்கிய விளையாட்டுக் கழகம்'. சிரிப்பதா அழுவதா? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சனிக்கிழமை காலை லா சப்பல் கடைகளில் அதுதான் கொண்டாட்டம். "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று சொல்லாத வாய் இல்லை. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்துப் பேர் போக மிச்சம் ஆறு. செயலாளர் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நானும் சேர்ந்தால் ஏழு. எட்டாவதற்கு ஆள் இல்லை.

அன்று மத்தியானம், போனவர்களில் ஒருவனான இராஜேந்திரன் திரும்பி வந்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அண்ணை, சிவமணியின்ரை தாய் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை. வயித்திலை ஒப்பரேசனாம். எட்டு வெள்ளி விரதம் இருக்கிறான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நேற்று ஏழாவது வெள்ளி."

மடுத்தீன் அண்ணை சுவரில் சாய்ந்து நின்றார். கறுத்த முகம் இன்னும் கறுத்தது.

"வாரும் தம்பி," என்றார் என்னிடம்.

"எங்கை?"

"சிவமணியிட்டை."

"யாரையாவது பெரிய மனுசரைப் பிடிச்சுக் கதைப்பம், அண்ணை."

"சாட்சிக்காரன்ரை காலிலை விழுறதிலும் சண்டைக்காரன்ரை காலிலை விழலாம். நடவும்."

ஐந்தாவது மாடி, மின்தூக்கி இல்லை. கதவைத் தட்டினோம். உள்ளே பேச்சு நின்றது, ஆனால் கதவு திறக்கவில்லை. அவர் கதவோடு வாயை வைத்துப் பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்கமாட்டேன்.

"சிவமணி, நான் மடுத்தீன். நேற்று நான் சிரிச்சது பிழை. அம்மாவின்ரை விசயம் தெரியாது, தெரியாட்டிலும் பிழைதான். நீ ஏன் விரதம் எண்டு கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை. நாளைக்கு விளையாட வா எண்டு சொல்ல நான் வரேல்லை. பிழையைச் சொல்லத்தான் வந்தனான். அம்மாவுக்குச் சுகம் வர மாதாவை மண்டாடுறன்."

கதவு திறக்கவில்லை. ஐந்து மாடியும் இறங்கி வந்தோம்.

ஞாயிறு காலை செவ்ரானில் எண்ணினேன். இராஜேந்திரனைச் சேர்த்து ஏழு. என்னைச் சேர்த்து எட்டு. லீக்கின் ஆளாக ழான்-லூக் அன்று நேரில் வந்திருந்தார், கையில் ஒரு கோப்பு. பெயர் வெட்டுகிற கோப்பு அது என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. என்னிடம் இருந்த சட்டை தொப்புளுக்கு மேல் நின்றது. இம்மாகுலேற் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இண்டைக்கு ரெண்டு பந்து வைச்சோ விளையாட்டு?" என்றார். அந்த நிலைமையிலும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டத் தாளில் பதினான்கு பேருக்கு இடம் உண்டு. எழுதப்பட்டவன் பிந்தி வந்தாலும் அட்டையைக் காட்டி இறங்கலாம். நான் எட்டுப் பெயரோடு பேனையை மூடினேன்.

"மிச்ச ஆறையும் எழுதும். முதல்லை சிவமணியை எழுதும்," என்றார் மடுத்தீன் அண்ணை.

"போனவங்களையோ? ரோசம் இல்லையோ உங்களுக்கு?"

"ரோசத்தை வைச்சுப் பந்தடிக்க ஏலாது. எழுதும்."

எழுதினேன். என்னை வலப்பக்கக் கோட்டோரம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீர் ஓட வேண்டாம். பந்து வந்தா வெளியாலை அடியும். விழாதையும். அது போதும்." மற்றவர்களிடம் சொன்னது: "பந்தை வைச்சிருந்து கை மாத்துங்கோ. அவங்கள் ஓடட்டும்."

முப்பத்தைந்து வயது மனிதர் அன்று எட்டுப் பேருக்குள் மூன்று பேரின் வேலையைச் செய்தார். நீக்கிலாஸ், கருவாட்டுப் பாவத்துக்குப் பரிகாரம் செய்வதுபோல, கோலுக்குள் வந்த பந்துக்கெல்லாம் மார்பைக் கொடுத்தான். ஒன்று மட்டும் தப்பி உள்ளே போனது. இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடத்தில் மடுத்தீன் அண்ணை மூலையிலிருந்து வளைத்து அடிக்க, பேர்ளி, ஐந்தடி ஆள், பனைமரங்களுக்கு இடையில் துள்ளித் தலையால் இடித்தான். ஒன்றுக்கு ஒன்று!

எங்கள் கூச்சல் அடங்கவில்லை, அவர் விழுந்தார். யாரும் தள்ளவில்லை. திரும்பும்போது வலது முழங்கால் பிரண்டது. அந்தச் சத்தம் கோட்டோரம் நின்ற எனக்குக் கேட்டது. ஓடிப் போனோம். கால் பக்கவாட்டில் கிடந்தது. நடுவர் வெளியே தூக்கச் சொல்லிக் கை காட்டினார். ழான்-லூக் கோப்பைத் திறந்தார்.

"தூக்காதையுங்கோ!" என்று கத்தினார் மடுத்தீன் அண்ணை. "வெளியாலை போனா ஏழு. என்னை நிமித்தி விடுங்கோ."

"அண்ணை, விசரோ உங்களுக்கு? கால் போயிடும்!"

"காலோ பெரிசு? நிமித்தி விடடா!"

என்னை ஒருபோதும் 'டா' போட்டுப் பேசாதவர். நிமிர்த்திவிட்டோம். ஒற்றைக் காலில் தெத்தித் தெத்திப் போய், கூசேன்வில்காரரின் கோலுக்கு முன்னால், அவர்களின் கடைசிக் காவல்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர்கள் இரண்டு நிமிடம் பார்த்தார்கள், பிறகு அந்த நொண்டி மனிதரைக் கணக்கெடுக்காமல் விட்டார்கள். இம்மாகுலேற் அக்கா செபமாலையும் கையுமாகப் புல்லில் முழந்தாளிட்டுவிட்டார். எனக்குத் தொடையில் நரம்பு பிடித்து உயிர் போனது. விழுந்தால் கழகம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இராஜதுரை அண்ணை, என்ரை பேர் தாளிலை கிடக்கோ?"

சிவமணி. வேலிக்கு வெளியே எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கிடக்கு. முதல்லை உன்ரை பேரைத்தான் எழுதச் சொன்னவர்."

அவன் அங்கேயே காற்சட்டையைக் கழற்றினான். உள்ளே கலங்கரையின் விளையாட்டுக் காற்சட்டை! கையில் இருந்த பையில் சப்பாத்து. கள்ளன், வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான். நான் நொண்டிக்கொண்டு ஓடி, பையிலிருந்து அவன் அட்டையை எடுத்து நடுவரின் கையில் வைத்தேன். ஒன்பது பேர் ஆனோம்.

"அண்ணை, இனி வெளியாலை வாருங்கோ! எட்டுப் பேர் இருக்கிறம்!" என்று கத்தினேன்.

"நீர் விழுந்தா?" என்று அங்கிருந்து கத்தினார். நான் விழுகிற நிலையில்தான் நின்றேன்.

கடைசி ஐந்து நிமிடம். சிவமணி நடுவிலிருந்து பந்தோடு புறப்பட்டான். ஒருவனை வெட்டினான், இரண்டாமவனை வெட்டினான், மூன்றாமவன் புல்லில் இருந்தான். கோல் முன்னால் காப்பாளன் மட்டும். ஆயுளில் எவனுக்கும் பந்து கொடுக்காதவன், அடித்தால் கோல் என்ற இடத்தில் நின்றான். காப்பாளன் அவனை நோக்கிப் பாய்ந்தான். சிவமணி பந்தை மெல்லப் பக்கத்தில் தள்ளினான்.

"அண்ணை!"

மடுத்தீன் அண்ணையின் உத்தியோகம் பார்த்த கால் இடது கால். அதால் அடிக்க வேண்டுமென்றால் பிரண்ட வலது காலில் பாரத்தைப் போட்டு நிற்க வேண்டும். நின்றார். நின்றதை நான் பார்த்தேன், அந்த முகத்தையும் பார்த்தேன். இடது கால் வீசியது. பந்து வலைக்குள் கிடந்தது, அவர் புல்லில் கிடந்தார். சிவமணி அவர்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். "அம்மாவுக்குச் சுகமாம் அண்ணை, காலமை ரெலிபோன் வந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நானும் அழுதேன். அழாத ஒரே ஆள், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த மடுத்தீன் அண்ணைதான்.

இரண்டுக்கு ஒன்று. இறுதி விசில் வரை ஒன்பது பேரும் நின்றோம். ழான்-லூக் கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, அவர் தோளில் கை வைத்தார். "கலங்கரை" என்றார், எழுத்துப் பிசகாமல். ஐக்கியக் கழகம் அன்று மத்தியானமே கலைந்தது. அதன் ஆயுள் ஒன்றரை நாள்.

வைத்தியர் முழங்காலைத் திறந்து தைத்து, நடக்கலாம், மெதுவாக ஓடலாம், இனி விளையாட்டு மட்டும் வேண்டாம் என்றார். மடுத்தீன் அண்ணை கேட்டுக்கொண்டார், ஆனால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. கோடை முழுக்கக் காலுக்கு எண்ணெய் பூசினார். ஓகஸ்ட்டில் ஓடத் தொடங்கினார். "ஒரு அரை மணித்தியாலம் நிண்டு குடுப்பன்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரிடம் வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

செப்டெம்பரில் புதிய பருவத்தின் முதல் ஞாயிறு. மெத்ரோ வாசலில் ஏழரைக்குக் கூடுவது வழக்கம், எட்டுக்கு முன் எவனும் வந்ததில்லை. அன்று ஏழேகாலுக்கே இருபத்து மூன்று பேர் சப்பாத்துப் பையோடு நின்றார்கள். எங்கள் கதை கேள்விப்பட்டுச் செவ்ரானிலிருந்து சேர வந்தவன், கூசேன்விலிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்தவன், நான் அதுவரை பெயரே கேட்டிராத ஊர்க்காரன். சிவமணியும் நீக்கிலாசும் ஒரே தேத்தண்ணிப் போத்தலை மாறி மாறிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மைதானத்தில் நான் ஆட்டத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "அண்ணை, பதினோராம் நம்பர் வழமைபோல நீங்கள்தானே?"

அவர் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் நின்றார். சட்டை உள்ளே விட்டு, சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டி, ஆயத்தமாக நின்றார். கோட்டுக்கு அப்பால் இருபத்து மூன்று பேர் பந்தைத் துரத்தி ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாங்கில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினார்.

"நான் இறங்கினா ஒரு பெடியனுக்கு இடமில்லாமல் போகும், தம்பி," என்றார். "நல்லாத்தான் கிடக்கு இது."